பிடிப்பவர் பெயரை யார் எழுதுவது?

கபடிப் போட்டி முடிந்து திடலைவிட்டுக் கிளம்புகிறவர்களிடம், "யாருப்பா நல்லா ஆடினது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் பாடிப்போன பையனின் பெயரைத்தான் சொல்வார்கள். எதிரணிக்குள் நுழைந்து இருவரைத் தொட்டு, மூன்றாமவரின் தலைக்கு மேல் தாவிக் குதித்து, நடுக்கோட்டைத் தொட்ட பையன் அவன். ஓரத்தில் குனிந்து நின்று அவனைப் போன்ற நான்கு பேரின் கணுக்காலைப் பிடித்து வீழ்த்தியவனின் பெயர் பலருக்கு நினைவில் இருக்காது. "அந்த கறுப்புச் சட்டை, கொஞ்சம் குண்டா இருப்பானே" என்பதோடு சரி.

பீடோங், செமிலிங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கபடியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது அதன் பெயர் சடுகுடு. பால் நிறுத்து முடிந்து, குளித்து, மாலையில் லயத்துக்கு முன்னால் இருந்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிய ஆட்டம். இன்று அது ரப்பர் விரிப்பில், விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சியில் வருகிறது. நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் பாடிப்போகத்தான் ஆசைப்படுகிறார்கள். பிடிப்பதற்கு ஆசைப்படுகிற பிள்ளையைக் காண்பது அரிது.

பிடிக்கிற வேலையைச் செய்தே 46 வயதுவரை தொழில்முறை ஆட்டக்காரராக நின்ற ஒரு தமிழரைப் பற்றி இந்த வாரம் எழுதலாம் என்று நினைக்கிறேன். பெயர் தர்மராஜ் சேரலாதன். ஊர் தஞ்சாவூர் மாவட்டம். கடாரத்துக்காரர்களான நமக்குத் தஞ்சை ஒன்றும் அந்நியமில்லை. 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்த கதையை பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போதெல்லாம் சொல்கிறோம். அதே தஞ்சையிலிருந்து கிளம்பிய இந்த மனிதரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

முதலில் அவர் செய்த வேலை என்ன என்று பார்ப்போம்.

ஆண்கள் கபடியில் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதிதான் ஓர் அணிக்கு. பிடிக்கும் அணியில் ஏழு பேர். பாடி வருகிறவருக்கு 30 விநாடி. ஏழு பேரில் இரு ஓரத்திலும் நிற்பவர்களைக் கார்னர் என்கிறார்கள். சேரலாதன் வலது கார்னர். பாடி வருபவர் கையை நீட்டி, காலை வீசி, பொய்யாகப் பாய்ந்து ஆசை காட்டுவார். கார்னரில் நிற்பவர் அந்த ஆசைக்கு மயங்காமல் காத்திருந்து, அவருடைய எடை ஒரு காலில் முழுதாக இறங்கும் நொடியில் விழுந்து கணுக்காலையோ தொடையையோ பற்ற வேண்டும். அவர் பற்றியதும் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள்.

இதில் இருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். கார்னர் அரை நொடி முந்திப் பாய்ந்து பிடி நழுவினால், பாடி வந்தவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடிக்கப் போய் அவர்மேல் கை வைத்த அத்தனை பேரும் வெளியே. ஒருவரின் அவசரத்துக்கு நான்கு பேர் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சரியாகப் பிடித்துவிட்டாலோ கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. மூன்று பேரோ அதற்கும் குறைவானவர்களோ களத்தில் நிற்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான். பாடிப்போகிறவர் ஒரே மூச்சில் மூன்று, நான்கு புள்ளிகூட அள்ளி வரலாம்.

கணக்கிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. இந்தியாவின் புரோ கபடிப் போட்டியில் 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் பர்தீப் நர்வால் பாடிப்போய் எடுத்த புள்ளிகள் 369. பிடிப்பவர்களில் ஒரே பருவத்தில் 100 புள்ளியை முதன்முதலில் எட்டியவர் நிதேஷ் குமார். அது நடந்தது 2018இல் தொடங்கிய பருவத்தில். அந்த 100, 369க்குக் குறைந்த உழைப்பில் வந்ததில்லை. ஆட்டத்தின் அமைப்பே அப்படி. வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறவரின் வரவு எல்லாருக்கும் தெரியும். வீட்டிலிருந்து எதுவும் போகாமல் காப்பவரின் வரவை எந்த நோட்டில் எழுதுவது?

புரோ கபடி 2014இல் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. அந்த வயதில் பெரும்பாலான கபடி ஆட்டக்காரர்கள் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பயிற்சி கொடுக்கப் போய்விடுவார்கள். இவர் அப்போதுதான் பெங்களூரு புல்ஸ் சட்டையைப் போட்டார். பிறகு தெலுங்கு டைட்டன்ஸ். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவர்.

அந்த பாட்னா அணியை நினைத்துப் பாருங்கள். பாடிப்போகிற பர்தீப் நர்வாலுக்கு 19 வயது. பிடிக்கிற தலைவருக்கு 41. மகனும் தகப்பனும் போன்ற வயது வித்தியாசம். இன்னொரு ஓரத்தில் ஈரானிலிருந்து வந்த ஃபாசல் அத்ராச்சலி, மல்யுத்தத்தில் பழகிய உடம்பு. தமிழ் பேசுகிற தலைவர், இந்தி பேசுகிற பையன்கள், பாரசீகம் பேசுகிற கார்னர். 2016 ஜூலை 31ஆம் தேதி ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்ற கணக்கில் வென்று அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். வடக்கத்திப் பையன்களும் இவரை "அண்ணா" என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லை யாரும் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை. இந்திய அணியின் 14 பேரில் சேரலாதனும் ஒருவர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்ற அணி, இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது. 41 வயதில் உலகக் கோப்பைப் பதக்கம்.

அதன்பிறகு புனே, மும்பை. மும்பையில் மறுபடியும் ஓர் ஓரத்தில் அத்ராச்சலி, மறு ஓரத்தில் இவர். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவர், அப்போது வயது 44. ஹரியானா என்பது வீட்டுக்கு வீடு கபடி ஆட்டக்காரர் இருக்கிற மாநிலம். அந்த மாநிலத்தின் பெயரைத் தாங்கிய அணி ஒரு தஞ்சாவூர்க்காரரைத் தலைவராக்கியது. கடைசியாக ஜெய்ப்பூர். 2021 டிசம்பரில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளோடு, பார்வையாளர் இல்லாத அரங்கில் தொடங்கிய பருவம் அது. 46 வயதில் விரிப்பில் குனிந்து நின்றார்.

எட்டுப் பருவங்கள், ஏழு ஊர்களின் சட்டைகள். தமிழ் தலைவாஸ் அணி 2017இல்தான் வந்தது. அந்த அணிக்கு அவர் ஆடியதே இல்லை. 2024இல் அதன் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். சொந்த ஊர் அணிக்குப் போய்ச்சேர ஆட்டக்காரர் வாழ்க்கை முழுவதும் முடிய வேண்டியிருந்தது.

இவ்வளவு காலம் எப்படி நிற்க முடிந்தது? அவர் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். அவர் அதிகம் பாயமாட்டார். பக்கத்தில் நிற்கும் இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறு, பொறு" என்பதுபோல் இழுத்து நிறுத்துவார். தான் பிடிப்பதைவிட அடுத்தவன் அவசரப்படாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. வேகம் குறையக் குறையக் கண் கூர்மையாகும் வேலை இது. பாடிப்போகிறவருக்குக் கால் வேகம் போனால் பிழைப்பு போயிற்று. பிடிப்பவருக்கு அனுபவம் கூடினால் ஆயுள் கூடும்.

கடல் தாண்டி அமெரிக்காவில், தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தை வைத்து ஆடும் காற்பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் காற்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். அதில் தடுக்கும் அணியின் முன்வரிசையில் நிற்பவர்களின் வேலையும் ஏறக்குறைய இதுதான். பந்தை எறியப் போகிறவரை, எறிவதற்கு முன்பே போய்ச் சாய்க்க வேண்டும்.

அந்த வேலையில் பெயர் பெற்றவர் டீக்கன் ஜோன்ஸ். ஃபுளோரிடாவில் ஈட்டன்வில் என்ற கறுப்பினத்தவர் ஊரில் பிறந்தவர். 1961இல் அணிகள் ஆட்டக்காரர்களைப் பொறுக்கியபோது பதின்மூன்று சுற்றுவரை யாரும் அவரைச் சீண்டவில்லை. பதினான்காவது சுற்றில்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்தது. 1974 வரை ஆடினார். பந்து எறிபவரைச் சாய்ப்பதற்கு, நகரைச் சூறையாடுவதைக் குறிக்கும் 'சேக்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் அவர்தான். இன்றும் அதே சொல்தான்.

ஆனால் அவர் ஆடிய பதினான்கு ஆண்டுகளில் எத்தனை பேரைச் சாய்த்தார் என்று எந்த அதிகாரபூர்வக் குறிப்பேட்டிலும் இல்லை. அந்த லீக், சாய்த்தவர் பெயரில் கணக்கெழுதத் தொடங்கியதே 1982இல்தான். எறிந்தவருக்குக் கணக்கு இருந்தது, ஓடியவருக்குக் கணக்கு இருந்தது. சாய்த்தவருக்கு மட்டும் இல்லை. 2013இல் ஜோன்ஸ் காலமானார். 2021இல், பழைய ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த ஆர்வலர்களின் உழைப்பில் ஒரு பட்டியல் வெளியானது. ஜோன்ஸின் பெயருக்கு நேரே 173.5 என்று இருந்தது. இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி, அதனால்தான் அந்த அரை. எல்லாக் காலத்துக்குமான வரிசையில் மூன்றாம் இடம். அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்த நாட்டில் தடுப்பவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஜோன்ஸ் எதிராளியின் தலைக்கவசத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, அவர் தடுமாறும்போது தாண்டிப் போவார். 1977இல் அந்த அறையைத் தடை செய்தார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்றில், அந்த லீக்கில் ஆடி மறைந்தவர்களின் 111 மூளைகளைச் சோதித்ததில் 110இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் இருந்தது. நோய் இருக்குமோ என்று ஐயப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகளே அவற்றில் பல. ஆகவே எல்லா ஆட்டக்காரருக்கும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

கபடியில் தலைக்கவசம் இல்லை. ஆகவே ஒழுங்கு கூடுதலாக வேண்டும். ஆண்கள் பிரிவில் 85 கிலோ என்ற எடை வரம்பு இருப்பது நல்லது. வாயைப் பொத்துவதும், கழுத்தை நெரிப்பதும், கத்தரிக்கோல் போல இரு கால்களால் பின்னிப் பிடிப்பதும் விதிப்படி தவறு. இவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் "போய்ப் பிடிடா" என்று பையனை இறக்கிவிடுகிற பயிற்றுநரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். முழங்கால் தசைநார் ஒருமுறை அறுந்தால், இருபது வயதுப் பையன் அடுத்த நாற்பது ஆண்டும் மாடிப்படி ஏறும்போது அதை நினைத்துக்கொள்வான்.

நம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கபடி விளையாண்டா சோறு கிடைக்குமா?" நியாயமான கேள்வி. மறைக்காமல் பதில் சொல்வோம்.

இந்தியாவில் கிடைக்கிறது. 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் ஆட்டக்காரர் யார் தெரியுமா? பிடிப்பவரான ஃபாசல் அத்ராச்சலிதான். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 6 இலட்சம் ரிங்கிட். அதே ஏலத்தில் பாடிப்போகும் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போய் அவரைத் தாண்டினார் என்பது வேறு கதை. 2023இல் இன்னோர் ஈரானியர், முகமதுரேசா ஷாத்லு, 2.35 கோடிக்குப் போனார். அவரும் பிடிப்பதில் பெயர் எடுத்தவர். ஆக, ஊர் மறந்தாலும் ஏலம் எடுப்பவர்கள் பிடிப்பவரின் விலையை அறிந்திருக்கிறார்கள். ஏலத்துக்கு அப்பால், இரயில்வே, காவல்துறை, வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் வழி அங்கே இருக்கிறது. கிராமத்துப் பையன்களைக் கபடியில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அந்த வேலைதான், கோடி ரூபாய் அல்ல.

நம் நாட்டில் அப்படியொரு லீக் இல்லை. கபடியை நம்பிப் பள்ளிப் படிப்பை விடு என்று எந்தப் பையனிடமும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அது பாவம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? சோற்றைவிடச் சின்னது ஒன்றுமில்லை, ஆனால் சோறு மட்டும் அல்லாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. தோட்டம் இருந்தபோது பலமுள்ள பையனுக்கு ஊரில் ஓர் இடம் இருந்தது. இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமப்பவன், திருவிழாவில் தேர் வடத்தில் முன்னால் நிற்பவன், சாவு வீட்டில் முதலில் வந்து நாற்காலி தூக்குபவன். ஊர் அவனை அறியும், அவனும் ஊருக்குக் கட்டுப்படுவான். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, குடும்பங்கள் சுங்கைப் பட்டாணியின் தாமான்களுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறியபின், பதினைந்து வயதில் ஆறடி வளர்ந்து நிற்கும் பையனை முதலில் கண்டுபிடிப்பது பயிற்றுநர் அல்ல. இரவில் மோட்டார் சைக்கிளில் வந்து, "வாடா தம்பி, உனக்கு நாங்க இருக்கோம்" என்கிற கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்கும் பலம் தேவை. எப்போது கையை ஓங்கக்கூடாது என்பதை மட்டும் அது கற்றுத்தராது.

கார்னரில் நிற்கும் பையன் கற்றுக்கொள்வது அதைத்தான். முகத்துக்கு எதிரே ஒருவன் வந்து தொடை தட்டி, ஆசை காட்டி, சீண்டிப் பார்ப்பான். பாய்ந்தால் தன்னோடு இன்னும் மூன்று பேர் வெளியே போவார்கள். ஆகவே காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனின் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்த பிறகும் வாயைப் பொத்தாமல், கழுத்தைத் தொடாமல் பிடிக்க வேண்டும். ஊதல் ஊதியதும் கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். கோபத்தை வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கும் இந்தப் பழக்கத்தைப் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுப்பது கடினம். மாலையில் ஒன்றரை மணி நேரம், வாரம் மூன்று நாள் திடலில் நின்றால் உடம்பே கற்றுக்கொள்ளும்.

ஆனால் யாரும் பார்க்காத வேலையைப் பதினைந்து வயதுப் பையன் எத்தனை நாள் செய்வான்? சேரலாதனுக்காவது தொலைக்காட்சி இருந்தது, புள்ளிக் கணக்கு இருந்தது. ஜோன்ஸின் கணக்கை எழுத நாற்பது ஆண்டுக்குமேல் ஆனாலும் தேடி எடுக்கப் பழைய குறிப்புகள் இருந்தன. நம் திடல்களில் ஆடிய பிடிகாரர்களுக்கு எந்தக் குறிப்பும் இல்லை. எண்பதுகளில் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த போட்டிகளில் யார் எத்தனை பேரைப் பிடித்தார் என்று இனிமேல் எவராலும் தேடி எடுக்க முடியாது.

ஆகவே கோவில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் கபடிப் போட்டி வைக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் கோவில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு ரிங்கிட்டுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். எழுத்து நன்றாக வரும் ஒரு பிள்ளையைத் திடல் ஓரத்தில் உட்கார வையுங்கள். மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: பிடித்தவர் பெயர், எத்தனை முறை பாய்ந்தார், எத்தனை முறை பிடி நின்றது. பரிசு கொடுக்கும்போது பாடிப்போனவரின் பெயருக்கு முன்னால் இந்தப் பெயரை வாசியுங்கள், எண்ணோடு சேர்த்து. அந்த நோட்டை அடுத்த ஆண்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கறுப்புச் சட்டை, கொஞ்சம் குண்டான பையன் என்று நாம் சொல்கிறவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது ஒலிபெருக்கியில் கேட்கும்போது கூட்டத்தில் அவனுடைய அம்மாவும் இருப்பார்.